குழந்தை டேப்லெட்டோடு பேசுகிறதா, டேப்லெட் வழியாகப் பேசுகிறதா?

ஆட்டிசம் உள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கான ஆப் என்று தேடிப் பாருங்கள், வரிசையாக வந்து விழும். விளம்பரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்தக் குழந்தைகளுக்குத் திரை பிடிக்கும், அதனால் திரையிலேயே கற்றுக்கொடுக்கலாம். முதல் பாதி பல குழந்தைகளுக்குச் சரி. அந்த 'அதனால்' மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, எடின்பரோவில் உருவான ஃபைண்ட்மீ என்ற ஐபேட் விளையாட்டு. திரையில் ஒருவர் ஒரு பொருளைக் காட்டுவார், குழந்தை அதைத் தொட வேண்டும். அடுத்தவர் எதைக் கவனிக்கிறார் என்பதைக் கவனிக்கப் பழக்குவதுதான் நோக்கம். ஆறு வயதுக்குட்பட்ட 54 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. குழந்தைகள் விரும்பி விளையாடினார்கள். ஆனால் அம்மா அப்பாவோடு விளையாடும்போது அந்தத் திறன் கூடியதா என்று பார்த்தால், ஆப் கிடைக்காத குழந்தைகளோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. தங்கள் ஆப் பலிக்கவில்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதியது பாராட்டத்தக்கது.

இரண்டாவது, கோனி கசாரி குழுவினரின் 2014 ஆய்வு. மிகக் குறைவாகவே பேசும் 61 குழந்தைகள், வயது 5 முதல் 8 வரை, அதாவது பாலர் பள்ளியைவிடக் கொஞ்சம் பெரியவர்கள். எல்லோருக்கும் விளையாட்டு வழியிலான ஒரே பயிற்சி. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே, தொட்டால் குரல் வரும் கருவி. இந்தக் குழந்தைகள் தானாகச் சொல்ல முன்வந்தது மற்றவர்களைவிடக் கூடியது. முக்கியமான விஷயம், பயிற்சி தருபவரும் பேசிக்கொண்டே அதே கருவியைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டிலும் திரை உண்டு. ஒன்றில் திரையே வாத்தியார், சரியாகத் தொட்டதா என்று முடிவு செய்வதும் அதுவே. இன்னொன்றில் திரை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற குரல். குழந்தைகளும் பயிற்சியும் வேறு என்பதால் இவை நேர் போட்டி இல்லை. ஆனால் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிய சிக்கல். எத்தனை முறை தொட்டார்கள், எத்தனை சரி என்பதை ஆப் சுலபமாகப் பதிவு செய்யும். பக்கத்துக் குழந்தையிடம் பந்து கேட்டதா என்பது எந்த லாகிலும் வராது. எண்ண முடிந்ததை எண்ணி, அதையே முன்னேற்றம் என்று அறிக்கை அடிக்கிறோம்.

1985-ல் அமெரிக்காவில் பாண்டியும் ஃப்ராஸ்டும் கொண்டுவந்த பட அட்டை முறையைப் பாருங்கள். குழந்தை அட்டையை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் கேட்டது கிடைக்கும். காகிதம்தான், ஆனால் அந்த வடிவமைப்பில் மனிதரைத் தவிர்க்கவே முடியாது. பல ஆப்களில் முதலில் காணாமல் போவது அந்த மனிதர்தான்.

'கருவி கொடுத்தால் பேச்சே வராமல் போயிடுமே' என்ற பயம் பெற்றோரிடம் உண்டு. 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, நம்பத்தக்க ஆதாரம் இருந்த 27 பேரைப் பார்த்தார்கள். 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. ஒருவருக்கும் குறையவில்லை. சின்னத் தொகுப்புதான், ஆனாலும் அந்தப் பயத்துக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே பள்ளியில் "டேப்லெட் இருக்கா?" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. வேறு சிலதைக் கேளுங்கள். டீச்சரும் அதைத் தொட்டுப் பேசுகிறாரா? முதல் பக்கத்தில் பிஸ்கட், ஜூஸ் மட்டும்தானா, 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது' இருக்கிறதா? சாப்பாட்டு நேரத்திலும் விளையாட்டு மைதானத்திலும் குழந்தையின் கையில் இருக்குமா, இல்லை மணி அடித்ததும் பீரோவுக்குள் போய்விடுமா? அடம் பிடித்தால் தண்டனையாகப் பிடுங்கி வைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அங்கேயே விவாதத்தை நிறுத்திவிடலாம். பேசுகிற குழந்தை அடம் பிடித்தால் அதன் வாயை யாரும் கழற்றி பீரோவில் வைப்பதில்லை.