இறுக்கிக் கட்டினால் பந்து அடங்குமா?

கோடை பிறந்ததும் பாளையங்கோட்டைப் பக்கம் டென்னிஸ் ஆடுகிறவர்களிடம் கேட்கும் முதல் குறை, பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது என்பதுதான். நியாயமான குறை. வெயிலில் பந்துக்குள் இருக்கும் காற்று விரிகிறது, ரப்பர் துள்ளுகிறது, ராக்கெட் நரம்பும் இளகுகிறது. மார்கழியில் கோட்டுக்குள் விழுந்த அதே அடி சித்திரையில் ஒரு முழம் தள்ளி விழும்.

உடனே பலரும் நரம்பை அறுபது பவுண்டுக்கு இறுக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால், டிவியில் பார்த்த வீரர்களின் பாலியஸ்டர் நரம்புக்கு மாறுகிறார்கள். இறுக்கினால் பந்து அடங்கும், உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் அடி குட்டையாக விழும், கையும் வலிக்கும். பாலியஸ்டருக்கு மாறுவதோ வார இறுதியில் ஆடும் பெரும்பாலோருக்குப் பொருந்தாத முடிவு.

1997-இல், உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்தாவோ கெர்டன் பிரெஞ்சு ஓபனை வென்றபோது அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்சிலான் பாலியஸ்டர். வழுவழுப்பான நரம்பு அது. வேகமாக வீசிப் பந்தை உரசும்போது நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் விலகி, பந்து பிரிவதற்குள் சட்டென்று தம் இடத்துக்குத் திரும்புகின்றன. அதில்தான் டாப் ஸ்பின் கூடுகிறது; வலைக்கு மேலே நன்றாக உயர்ந்த பந்து கோட்டுக்குள் இறங்கிவிடுகிறது. கை வேகம் உள்ளவருக்கே அந்தக் கட்டுப்பாடு கிடைக்கும். வேகமில்லாத கையில் அதே நரம்பு நகராமல் விறைத்து நிற்கும், அதிர்வு முழங்கைக்குப் போகும்.

கட்டுப்பாட்டுக்கு வேறு வழியும் உண்டு. நமக்குப் பக்கத்து நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் சாய்த்தார். மிரட்டும் சர்வீஸ் அவரிடம் இல்லை. இடம் பார்த்துப் பந்தை வைக்கும் கை இருந்தது. முன்னணி வீரர்கள் மர ராக்கெட்டில் விலங்குக் குடல் நரம்பு கட்டி ஆடிய காலம் அது. குடல் நரம்பு மென்மையானது. பந்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கி, அது எங்கே பட்டது என்பதைக் கைக்கு உணர்த்தி அனுப்பும். அந்த உணர்வும் கட்டுப்பாட்டில் சேர்த்திதான். இதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

குடல் நரம்பு இன்று விலை அதிகம், ஐப்பசி மழை ஈரமும் அதற்கு ஆகாது. அதற்கு நெருங்கிய மாற்று, நுண்ணிழைகளைச் சேர்த்துப் பிணைத்த மல்டிஃபிலமென்ட். நிதானமாக வீசுகிறவர்கள் இதை 55 பவுண்டில் தொடங்கலாம், கோடையில் 57. முழு வீச்சில் அடிக்கும் கல்லூரி ஆட்டக்காரர்கள் நெடுக்கில் பாலியஸ்டரும் குறுக்கில் மென்நரம்பும் கலந்து 50-ஐ ஒட்டிக் கட்டலாம். ஃபெடரர் இதைத் தலைகீழாக, நெடுக்கில் குடல் நரம்பும் குறுக்கில் பாலியஸ்டரும் வைத்து ஆடினார்.

ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவு கணவாய் வழியே காற்று வீசும்போது நரம்புக்கு நரம்பு உள்ள இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசி நொடியில் அடியை மாற்ற வேண்டியிருக்கும் அந்த நாட்களில் கைக்குச் செய்தி சொல்லும் நரம்பு வேண்டும். செத்துப்போன பாலியஸ்டர் ஒன்றும் சொல்லாது. பாலியஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே இறுக்கத்தை இழந்துவிடும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று காத்திருப்பவர் பாதிப் பருவத்தைத் தொலைக்கிறார்.

கை வேகம் இன்னும் வராத பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ராக்கெட்டுக்கு முழு பாலியஸ்டர் கட்டித் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்டால், பயிற்சியாளர் தயங்காமல் மறுத்துவிட வேண்டும்.