அஞ்சு உயிர், அரை மணி நேரம்

2014 டிசம்பர். லண்டன் பார்லிமென்ட்டின் ஒரு கமிட்டிக் கூட்டம். பேச்சு, பென்ஷனைப் பற்றி. கமிட்டி உறுப்பினரான நைஜல் மில்ஸ் என்ற எம்.பி., ஐபேடில் மும்முரமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கிறார் என்று நினைத்தால்... ம்ஹூம், மிட்டாய் நகர்த்திக்கொண்டிருந்தார்! படம் பத்திரிகையில் வந்து, மனிதர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

2023 ஜூனில் நம்ம தோனி. விமானத்தில் ஏர் ஹோஸ்டஸ் அவருக்கு சாக்லேட் தட்டை நீட்ட, அவர் எதிரே இருந்த டேப்லெட்டில் அதே மிட்டாய்க் கட்டங்கள். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. 'இந்த வயசில் உங்களுக்கு இது தேவையா?' என்று வீட்டில் கேட்டால், பதிலுக்குச் சொல்ல ஒரு பெரிய பேர் கிடைத்ததே!

கேண்டி க்ரஷ் சாகா. 2012-ல் முதலில் ஃபேஸ்புக்கிலும் அந்த வருஷக் கடைசியில் செல்போனிலும் வந்தது. தயாரித்தது கிங் என்ற கம்பெனி. ஸ்வீடனில் பிறந்தது. ஒரே ரக மிட்டாய் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் உடையும். மேலே இருப்பவை சரசரவென்று இறங்கும். இறங்கியவை தற்செயலாகச் சேர்ந்து இன்னும் நாலு உடையும். உடனே ஒரு கனத்த ஆண் குரல் 'ஸ்வீட்' என்று மெச்சும். நாம் ஒன்றுமே செய்யவில்லை. ஆனாலும் பெருமையாக இருக்கும்! விளையாட்டு என்ற அளவில் நான் இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். சத்தம், நிறம், வேகம் மூன்றையும் இவ்வளவு பக்குவமாகக் கலந்த பொழுதுபோக்குகள் கொஞ்சம்தான்.

இத்தனைக்கும் பைசா செலவில்லை. பொறுமை இருந்தால் ஆயிரக்கணக்கான லெவல்களை ஓசியிலேயே தாண்டலாம். ஒரே ஒரு நிபந்தனை: கையில் அஞ்சு உயிர். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம். அஞ்சும் போய்விட்டால் காத்திருக்கலாம், நண்பர்களிடம் கடன் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம்.

காசு கேட்கிற நேரம்தான் விசேஷம். உங்களுக்குக் கொடுத்த நகர்த்தல்கள் தீர்ந்துவிட்டன. கட்டத்தில் மிச்சம் ஒரே ஒரு ஜெல்லி. இன்னும் ரெண்டு நகர்த்தினால் ஜெயம். அப்போது திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: இன்னும் அஞ்சு நகர்த்தல் வேண்டுமா? கொஞ்சம் தங்கக் கட்டி கொடு. தங்கக் கட்டி இல்லையா? கடை பக்கத்திலேயே இருக்கிறது!

கணக்குப் பரீட்சைக்கு பேப்பர் செட் பண்ணுகிற வாத்தியாரே சாயங்காலம் வீட்டில் ட்யூஷனும் எடுத்தால் எப்படி இருக்கும்? பேப்பர் கஷ்டமாக இருந்தால், நமக்குப் படிப்பு வரவில்லையா, ட்யூஷனுக்கு ஆள் பிடிக்கிறாரா? கண்டுபிடிக்கவே முடியாது. ஆரம்ப வருஷங்களில் 65-வது லெவலில் உலகமே முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அதைச் சுலபமாக்கினார்கள். அதாவது, கஷ்டம் என்பது அவர்கள் திருகுகிற ஒரு குமிழ். அடுத்து எந்த மிட்டாய் விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம் வேறு. தோற்றது என் தப்பா, மிட்டாயின் தப்பா, குமிழின் தப்பா என்று புரியாமல்தான் ஒருவர் கடைப்பக்கம் போகிறார்.

எத்தனை பேர் போகிறார்கள்? 2014-ல் கிங் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது கணக்கு வெளியே வந்தது. நூறு பேர் ஆடினால் காசு கொடுப்பவர் சுமார் நாலு பேர். அந்த நாலு பேரை வைத்துக்கொண்டு 2013-ல் கம்பெனியின் வருமானம் 188 கோடி டாலர்! (பங்கு என்னவோ 22.50 டாலருக்கு வந்து முதல் நாளே 19-க்கு இறங்கியது. அங்கே எக்ஸ்ட்ரா நகர்த்தல் கிடைக்கவில்லை போல.) பிற்பாடு 2016-ல் ஆக்டிவிஷன் ப்ளிஸ்ஸார்ட் 590 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2023-ல் ஆக்டிவிஷனையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

பி.காம். எகனாமிக்ஸ் பேப்பரில் ஒரு பாடம் உண்டு. ஒரே பொருளை ஆளுக்கு ஒரு விலையில் விற்பது. அவசரக்காரனிடம் அதிகம், ஆற அமர வருகிறவனிடம் குறைவு. ரயில்வே தட்கல் அதுதான். ஆனால் தட்கலில் அவசரம் உங்களுடையது. ஊரில் கல்யாணமோ சாவோ, ரயில்வே அதை உண்டாக்கவில்லை. இங்கே தவிப்பையும் அவர்களே தயாரித்து, அதற்கு மருந்தும் அவர்களே விற்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம், தட்கலுக்கு ஒரு உச்ச விலை உண்டு. 2019-ல் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் (இந்த முறை ஆடாமல்) கிங் கம்பெனி அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் 27 கோடிப் பேர். அதில் 92 லட்சம் பேர் தினம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆடுகிறார்கள் என்றார் அவர். ஒருவர் ஒரே நாளில் 2,600 டாலர் செலவழித்த விஷயமும் வெளியே வந்தது. அன்று தள்ளுபடி விற்பனையாம். வாங்கியதை அடுத்த ஏழு மாதம் வைத்து ஆடினாராம். ஆடுகிறவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடுகிறார்கள் என்பது கம்பெனியின் கட்சி.

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மி எத்தனை குடும்பத்தைக் குலைத்தது என்று நமக்குத் தெரியும். 2025-ல் மத்திய அரசே காசு கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் போட்டது. மிட்டாய் அந்தச் சட்டத்தில் வராது. காரணம் எளிது. இங்கே ஜெயித்தால் காசு கிடையாது. போட்டது போட்டதுதான்!

நானும் ஒரு தடவை போட்டேன். இது இல்லை, இதே ரகத்தில் வேறொன்று. பேர் வேண்டாம். ஒன்பது நாளாக ஒரு லெவலில் மாட்டிக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு மசாலா தோசை விலைதானே என்று வாங்கிவிட்டேன். சுத்தியல் வந்தது. தட்டினேன். லெவல் தாண்டிவிட்டது. பட்டாசு வெடித்தது, நட்சத்திரம் பறந்தது. எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. குறுக்கெழுத்துக்கு விடையைத் திருப்பிப் பார்த்து எழுதினால் இருக்குமே ஒரு சப்பென்ற உணர்ச்சி, அதுதான். ஒன்பது நாள் ரசித்து மண்டையை உடைத்துக்கொண்ட புதிரை, ஆடாமல் இருப்பதற்காகக் காசு கொடுத்திருக்கிறேன்!

அதனால் ஓசியில் ஆடுபவன்தான் உண்மையில் ஆடுகிறான் என்பது என் தீர்ப்பு. அரை மணி நேரக் காத்திருப்பும் அவனுக்கு லாபம்தான். காசு பிடுங்க வைத்த கதவு, போய் வேறு வேலையைப் பார் என்று அவனை வெளியே தள்ளிவிடுகிறது. காசு கொடுப்பவருக்குத்தான் அந்தக் கதவு கிடையாது.

இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். அப்புறம் அந்த 2,600 டாலர் உறுத்த ஆரம்பித்தது. நான் வருஷக்கணக்கில் ஓசியில் ஆடுகிறேனே, புதுசு புதுசாக லெவல் போடுகிறவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அந்த நாலு பேர். பந்தியில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பில் கட்டுகிறவரைப் பார்த்து 'ஏமாளி' என்று சிரிக்கிற ஆள் நான்தான்.

நேர்மையாக விலை சொன்னவர்களை நாம் எப்படி நடத்தினோம்? 2014-ல் மானுமென்ட் வேலி என்று ஓர் அற்புதமான விளையாட்டு வந்தது. கண்ணை ஏமாற்றும் கோட்டைகளுக்குள் ஒரு குட்டி இளவரசி வழி தேடுவாள். நாலு டாலர் கொடுத்து வாங்கினால் முழுக்க உங்களுடையது. அதே நவம்பரில் புது லெவல்கள் தயாரித்து, ரெண்டு டாலர் கேட்டார்கள். அவ்வளவுதான், 'மறுபடியும் காசா?' என்று ஆளாளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கிழித்தார்கள். 2016-ல் நின்டெண்டோ, சூப்பர் மேரியோ ரன்னை பத்து டாலர் ஒரே விலை என்று விற்றது. கோடிக்கணக்கானவர்கள் இறக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த வருமானம் மட்டும் வரவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது.

போன வாரம் மானுமென்ட் வேலியைக் காசு கொடுத்து வாங்கினேன். ரெண்டு ராத்திரியில் ஆடி முடித்துவிட்டேன். கடைசிக் காட்சியில் போனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உயிர் போகவில்லை, யாரும் பெட்டி திறந்து காசு கேட்கவில்லை. வீட்டில் "என்ன, தூங்கலையா?" என்றார்கள்.

மிட்டாயை இன்னும் அழிக்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது உயிர் பூஜ்யம். இப்போது போன் சிணுங்குகிறது, அஞ்சும் ரொம்பிவிட்டதாம்.