வியாகுலத் தாய்ச் சிற்பம்: அழகும் அவலமும்

செருமனி நாட்டில், ரைன் ஆற்றங்கரையிலுள்ள போன் நகரத்து அரும்பொருட் காட்சிச்சாலையில் ஒரு மரச் சிற்பம் இருக்கின்றது. உயரம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டர். லிண்டன் என்னும் மென்மரத்திற் செதுக்கி வண்ணந் தீட்டப்பெற்றது. முன்னர் அதனை உடைமையாகக் கொண்டிருந்தவர் பெயரால் ‘ரோட்கன் பியேட்டா’ என வழங்குகின்றது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்பர் ஒரு சாரார். நடுப்பகுதியது என்பர் மற்றொரு சாரார்.

தமிழ்க் கத்தோலிக்கர் வியாகுல மாதா என்றழைக்கும் கன்னி மரியாள் அமர்ந்திருக்கின்றார். சிலுவையினின்று இறக்கப்பெற்ற இயேசு பெருமானின் உடல் மடியிற் கிடக்கின்றது. தலை பின்னோக்கித் தொங்குகின்றது, வாய் திறந்திருக்கின்றது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் எண்ணத்தக்கன. வயிறு ஒட்டி உள்வாங்கியிருக்க, கைகால்கள் விறகென விறைத்துள்ளன. தாயின் தலையோ உடலுக்குப் பொருந்தாத பெருமையுடையது; மகனின் உடலோ வளர்ந்த ஆடவனுக்குரிய அளவினின்றும் சுருங்கியது. முதன்முறை காண்பவர் முகஞ்சுளித்தல் இயல்பே.

உறுப்பிலக்கணம் அறியாத நாட்டுப்புறத் தச்சன் கைவேலை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. அங்ஙனம் ஒதுக்கியோரும் உண்டு. அது பிழைபட்ட தீர்ப்பு. இதே ரைன் நாட்டில், கொலோன் பேராலயத்தின் உள்மண்டபத் தூண்களில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அமைக்கப்பெற்ற திருத்தூதர் உருவங்கள் நிற்கின்றன. அவற்றின் மெலிந்த ஒசிவும் ஆடை மடிப்பின் நளினமும் எந்த அரசவைக்கும் அணி செய்வன. அளவறிந்து செதுக்கும் கலை அந்நாட்டில் இல்லாமற் போகவில்லை. இச்சிற்பி அதனை வேண்டாவென்று விட்டான். ஏன் விட்டான் என்பதே ஆராயத்தக்கது.

தாயின் மடியில் இறந்த மகன் கிடந்த செய்தி நற்செய்தி நூல்கள் நான்கனுள் எதிலும் இல்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு உடலைக் கேட்டுப் பெற்றார், துணியிற் சுற்றினார், கல்லறையில் வைத்தார், அவ்வளவே. இறக்கியதற்கும் அடக்கியதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறுபொழுதைத் தியானம் செய்த அடியவர் நெஞ்சமே இக்காட்சியைப் படைத்துக்கொண்டது. மாலை வழிபாட்டு வேளையோடு அதனை இணைத்தமையால் செருமானியர் இதனை ‘வெஸ்பர்பில்ட்’, அதாவது மாலைப் படிமம், என்றனர்.

இதனை அறிந்தபின் மகனுடல் சுருங்கியதன் பொருள் விளங்கும். பெத்லகேமில் குழவியை ஏந்திய அதே மடி இது. தாயின் கண்ணுக்கு இறந்தவனும் குழந்தையே. அளவின் பிழை எனத் தோன்றுவது நினைவின் அளவு. காயங்களினின்று வழிந்த குருதியைச் சிற்பி வண்ணத்தால் மட்டும் காட்டாமல் திரள்திரளாகப் புடைக்கச் செதுக்கினான். அவை திராட்சைக் குலைகள் போலத் தொங்குகின்றன. குருதியே திருப்பலியின் இரசம் என்பது கருத்து. நற்கருணைத் திருவிழா 1264இல் திருச்சபை முழுமைக்கும் விதிக்கப்பெற்றது என்பதை நினைவிற் கொண்டால், அக்காலத்து வழிபடுவோர்க்கு இக்குறியீடு உரை வேண்டாமலே விளங்கியிருக்கும் எனலாம். பீடத்தில் மலர்களும் உள. அவற்றை எண்ணி எண்ணிப் பொருள் காண முயல்வது, சிற்பத்தை விட்டு விடுகதைக்குப் போவதாகும்.

1348இல் ஐரோப்பாவிற் பரவிய கொள்ளைநோயே இத்தகைய கொடிய படிமங்களைப் பிறப்பித்தது என்று அடிக்கடி எழுதப்படுகின்றது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கின்றது. ஆனால் கொலோனிலுள்ள தூய மரியாள் ஆலயத்துச் சிலுவைப் படிமம், இதே கிழிந்த உடலும் துருத்திய விலாவும் உடையது, 1304ஆம் ஆண்டைச் சார்ந்தது. நோய் வருமுன்னரே நோக்கு மாறிவிட்டது. மாற்றியவர்கள் ரைன் நாட்டுத் துறவியரும் கன்னியர் மடத்தாருமே. அவர்களுள் ஒருவரான ஐன்ரிச் சோய்சே, 1366இல் மறைந்தவர், அம்மகனின் உடலைத் தம் ஆன்மாவின் மடியிலும் கிடத்துமாறு மரியாளை வேண்டுகின்றார். படிமத்தின் முன் மண்டியிட்டவர் செய்ய வேண்டியதும் அதுவே. பார்த்தல் அன்று, ஏந்துதல்.

ஆயினும் இச்சிற்பத்தின் உயிர் குருதித் திரளில் இல்லை; தாயின் முகத்தில் இருக்கின்றது. புருவம் நெரிந்து, வாய் இறுகி, என்ன நேர்ந்தது என்றறியாத திகைப்போடு அவர் நோக்குகின்றார். சிலர் அதிற் சினத்தையும் காண்பர். கடவுளின் திட்டத்தை முன்னரே உணர்ந்து அமைதியுற்ற அன்னையாக அவரைக் காட்டுவதே பின்வந்தோர் வழக்கம்; இச்சிற்பி அந்த ஆறுதலை அவருக்கு அளிக்கவில்லை. ஆடைக்குள் உடலே இல்லாதது போன்ற வெறுமை ஒரு குறைதான். முகத்தை நோக்குபவர்க்கு அது தோன்றாது.

1400ஐ ஒட்டி ‘அழகுநடை’ எனப்பெறும் பாணி எழுந்தபோது மகனுடல் நேராகக் கிடந்தது, குருதி அருகியது, தாய் இளமை எய்தினார். 1498இல் உரோமில் பிரெஞ்சுக் கர்தினால் ஒருவர், வடநாட்டிற் பரவியிருந்த இப்பொருளைப் பளிங்கில் வடிக்குமாறு இளைஞர் மைக்கேலாஞ்சலோவைப் பணித்தார். அவரும் அளவை மாற்றாமலில்லை. வளர்ந்த ஆடவனை மடி தாங்கவேண்டித் தாயைப் பெரிதாக்கி, அப்பெருமையை ஆடை மடிப்புகளுள் மறைத்தார். போன் நகரத்துச் சிற்பியோ எதனையும் மறைக்கவில்லை.