ஹார்லம் ஒளிப்படங்களில் கூற்றும் கேட்போரும்

ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் போக்கு சமூக வரலாற்றாய்விலும் இலக்கிய ஆய்விலும் பெருகியுள்ளது. படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. ஆயினும், ஒரு படத்தில் இருப்பது யாது என வினவுமுன், அது யாருடைய கூற்று, யாரை நோக்கிய கூற்று என வினவுதல் இன்றியமையாதது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், பயன் ஆகியவற்றையும் செய்யுள் உறுப்புகளாக எண்ணுகிறது. பாடலுக்கு வகுக்கப்பட்ட இக்கருவிகள் படத்திற்கும் பொருந்துமாற்றை, நியூயார்க் நகரில் கறுப்பின மக்களின் வாழிடமாகப் புகழ்பெற்ற ஹார்லத்தின் ஒளிப்படங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலையத்தில் எடுத்த படம்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இன ஒடுக்குமுறையிலிருந்தும் வறுமையிலிருந்தும் விலகி வடபுல நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களுக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்லம் பெரும் புகலிடமாயிற்று. ஜேம்ஸ் வான் டெர் ஜீ (1886–1983) 1916ஆம் ஆண்டளவில் அங்கு ஒளிப்பட நிலையம் நடத்தத் தொடங்கினார். திருமணம், குடும்பக் குழு, சங்கக் கூட்டம், இறுதிச்சடங்கு என அம்மக்களின் வாழ்க்கை நிகழ்வுகள் பலவும் அவர் படக்கருவிமுன் வந்தன. 1924இல் மார்க்கஸ் கார்வியின் இயக்க நிகழ்ச்சிகளையும் அவர் பதிவு செய்தார்.

வான் டெர் ஜீ கண்டதைக் கண்டவாறே தந்தவர் அல்லர். நெகடிவின்மீது கைவேலை செய்து முகச்சுருக்கத்தை நீக்கினார்; இல்லாத நகையை வரைந்து சேர்த்தார்; இறந்தோர் படங்களில் வானவர் உருவங்களை இணைத்தார். மென்மயிர்த் தோலங்கி அணிந்த இணையர் காடிலாக் காருடன் காட்சிதரும் அவரது புகழ்பெற்ற படம் 1932இல், அதாவது பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், எடுக்கப்பட்டது. எனவே இவை ஹார்லத்தின் வறுமையை மறைக்கும் ஒப்பனைகள் என்னும் மறுப்பு எழக்கூடும்.

இம்மறுப்பு கூற்றுக்குரியவரைப் பிறழ உணர்வதால் எழுவது. நிலையப் படத்திற்குப் பொருள் கொடுத்தவரும் படத்தில் இருப்பவரும் ஒருவரே. அது அவர் வீட்டுச் சுவருக்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் உரியது. 'நான் எவ்வாறு அறியப்பட விழைகிறேன்' என்பதே அதன் பொருள். கறுப்பின மக்களை நகைப்புருவாகச் சித்திரித்த அச்சுப்பண்பாடு மேலோங்கியிருந்த நாட்டில் அவ்விழைவும் ஒரு வரலாற்று உண்மையேயாம். எனினும் இப்பதிவிற்கும் எல்லை உண்டு. படத்திற்குப் பணம் செலுத்த இயலாதவர் இவ்வுலகினுள் இடம்பெறுதல் அரிது.

இதழில் வந்த படம்

படம்பிடிப்பவர் அம்மக்களுள் ஒருவராயின் கூற்று தானே மெய்ம்மையுறும் என்று கொள்ளவும் இயலாது. கார்டன் பார்க்ஸ் 1948இல் ஹார்லத்தின் இளைஞர் குழுத்தலைவன் ஒருவனுடன் பல நாள்கள் பழகி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தார். அவற்றுள் அவ்விளைஞனின் அன்றாட வாழ்வும் கனிவும் புலப்படும் படங்களும் இருந்தன. 'லைஃப்' இதழ் அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்ட கட்டுரையிலோ வன்முறையும் அச்சமுமே விஞ்சி நின்றன. தெரிவும் வரிசையும் படவிளக்கமும் பதிப்பாசிரியர் கையில் இருந்தன. கேட்போர் ஹார்லத்தை அறியாத பெருந்திரளினர். படம் பார்க்ஸுடையது, கூற்று இதழினுடையது. 'லைஃப்' இதழின் முதற் கறுப்பின ஒளிப்படப் பணியாளராகும் வாய்ப்பினைப் பார்க்ஸுக்குத் தந்ததும் இக்கட்டுரையே என்பது எண்ணத்தக்கது.

நூலில் அமைந்த படம்

ஹார்லத்திலேயே பிறந்த ராய் டிகராவா (1919–2009) 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்றார். அதனைப் பெற்ற முதற் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் அவரே. அந்நல்கையின் துணையுடன் அவர் எடுத்த படங்களைக் கண்ட கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவற்றிற்கெனப் புனைந்த உரையுடன் 1955இல் வெளிவந்ததே 'தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப்'. இனிப்பில் ஒட்டிக்கொண்ட ஈயைப்போல வாழ்வை விட்டகல மனமில்லாத மேரி பிராட்லி என்னும் மூதாட்டியின் தனிக்கூற்றாக நூல் அமைகிறது. தம்முள் உறவில்லாத மாந்தர் அம்மூதாட்டியின் வாய்மொழியால் மக்களாகவும் பெயரராகவும் ஒரே குடும்பத்தினர் ஆகின்றனர்.

இக்குடும்பம் புனைவு; முகங்கள் மெய். ஆவணம் என்னும் நோக்கில் இது குறையாகத் தோன்றினும், ஹார்லத்தைப் பற்றி அயலார் பேசும் நிலையை மாற்றி, அதன் சமையலறையிலிருந்தே ஒரு குரல் எழச்செய்தது இப்புனைவே. அதேவேளையில், ஹியூஸின் கலகலப்பான உரை டிகராவாவின் மௌனத்தைச் சிலவிடங்களில் மூடிவிடுகிறது என்பதையும் சுட்டுதல் வேண்டும். 1949இல் அவர் எடுத்த 'பட்டமளிப்பு' என்னும் படத்தில், நீண்ட வெள்ளாடை அணிந்த இளம்பெண் குப்பை சிதறிய தெருவோரத்தில் தனியே நடக்கிறாள். அருகில் கார் விளம்பரம். அவள்முன் அடர்ந்த நிழல். அவளது தேர்ச்சி, அது நிகழ்ந்த தெரு ஆகிய இரண்டையும் ஒன்றினால் மற்றொன்றை மறைக்காது இப்படம் காட்டுகிறது. எவ்வுரையும் வேண்டாது நிற்கும் இத்தகைய படங்களே டிகராவாவின் உச்சங்கள் எனலாம்.

அருங்காட்சியகத்தில் வைத்த படம்

1969 சனவரியில் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 'ஹார்லம் ஆன் மை மைண்ட்' என்னும் காட்சியைத் திறந்தது. ஒளிப்படங்கள் பேருருவாகச் சுவர்களை நிறைத்தன. ஹார்லம் ஓவியர், சிற்பியர் ஆக்கங்களுக்கு இடமளிக்கப்படவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாயிலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். டிகராவா பங்கேற்க மறுத்தார். அம்மக்களின் ஒளிப்படம் கலையாகவன்றி வெறும் தகவலாகவே கொள்ளப்பட்டது என்பது எதிர்ப்பின் உட்பொருள். வான் டெர் ஜீயை நாடறியச் செய்ததும் இக்காட்சியே. ஆயினும் எண்பது வயது கடந்த அவர் அதே ஆண்டில் தம் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். படத்திற்குக் கிட்டிய மதிப்பு படைத்தவர்க்குக் கிட்டவில்லை.

2021இல் அதே அருங்காட்சியகமும் ஹார்லத்திலுள்ள ஸ்டுடியோ அருங்காட்சியகமும் இணைந்து வான் டெர் ஜீயின் ஏறத்தாழ 20,000 படிகளையும் 30,000 நெகடிவ்களையும் காக்கும் பொறுப்பேற்றன. உரிய மதிப்பு வந்துசேர அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், அன்றாட வாழ்வு வேறு, சாதனை வேறு எனப் பகுத்து இப்படங்களை அணுகுதல் பொருந்தாது என்பது பெறப்படும். இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்குத் திருமணப் படம் எடுத்துக்கொள்வதும் வெள்ளாடை உடுத்திப் பட்டம் பெறச் செல்வதும் சாதனையே. அதனைப் பிறர் அறியவருவது படத்தால் மட்டுமன்று. படத்தைத் தெரிபவர், வரிசைப்படுத்துபவர், அதனருகே சொல்லை வைப்பவர் ஆகியோராலும் ஆகும். அவ்வுரிமை அம்மக்கள் கையைவிட்டு நீங்கியபோது, அவர்தம் படங்களே அவர்க்கெதிரான சான்றாயின. ஆகவே, ஒடுக்கப்பட்டோர் வாழ்வைப் படங்களின் வழி ஆராயப்புகுவோர் படத்தின் பொருளைத் துணியுமுன் கூற்றையும் கேட்போரையும் துணிதல் கடனாகும்.