தூக்கத் தெரிந்தால் போதுமா?

பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்திலேயே ஓட்டும் வீலிங் என்றால் போலீசுக்கும் பெற்றோருக்கும் அது திமிர்; செய்கிற பையன்களுக்கு அது கெத்து. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், அது எப்படிக் கற்கப்படுகிறது என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. எடுத்துப் பார்த்தால் குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீலிங்கில் கஷ்டமான பாடம் முன்சக்கரத்தை இறக்குவது. நம் பையன்கள் கற்றுக்கொள்வதோ தூக்குவதை மட்டும்.

பின்சக்கரம் தரையைத் தள்ளும் உந்துதல் தரைமட்டத்தில் பிறக்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் வேகம் சட்டென்று கூடினால் வண்டியின் மூக்கு மேலே எழும். பெரிய வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலே எழுந்துவிடும். 200 சிசி வண்டியில் கிளட்சைப் பிடித்து, இன்ஜினை ரேஸ் செய்து, படக்கென்று விட வேண்டும். தூக்குகிற வேலை இவ்வளவுதான்; கொஞ்சம் துணிச்சல் இருந்தால் யாருக்கும் வந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. முன்சக்கரம் மேலே போகப் போக எடை பின் அச்சுக்கு நேராக வருகிறது. உந்துதலின் தேவை குறைந்துகொண்டே வந்து, பேலன்ஸ் பாயின்ட் என்று ஓட்டுகிறவர்கள் சொல்லும் இடத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதைத் தாண்டினால் வண்டி மல்லாக்கச் சாயும். அங்கே காப்பாற்றக்கூடியது வலது காலடியில் இருக்கும் பின் பிரேக். அளவாக மிதித்தால் மூக்கு இறங்கும். ஆனால் உடம்பு பின்னால் சாய்கிற நொடியில் கை தானாகவே கைப்பிடியை இறுக்கிப் பிடித்து இழுக்கிறது. இழுத்தால் மணிக்கட்டு கீழே மடியும். ஆக்ஸிலேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் எழும். கால் அதற்குள் பிரேக்கை விட்டு அந்தரத்தில் நிற்கும். பயந்த உடம்பு செய்வது எல்லாமே தப்பு. அந்த அனிச்சையை மாற்றி எழுதுவதுதான் இந்த வித்தையின் முழுப் பாடமும். முறையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் முன்சக்கரம் ஒரு சாண் எழும்போதே பிரேக்கை மிதித்து இறக்கப் பழக்குவது அதனால்தான். பிரிட்டனில் பழைய விமான ஓடுதளங்களில் இதற்கென்றே வகுப்புகள் நடக்கின்றன.

இப்படிக் கற்றால் வீலிங் அசலான திறமை என்பதை மறுக்க முடியாது. 1991-இல் ஜப்பானின் யாசுயுகி குடோ ஹோண்டா டிஎல்எம்220ஆர் வண்டியில் முன்சக்கரத்தை இறக்காமல் 331 கிலோமீட்டர் போனார். 2016-இல் இங்கிலாந்தின் டூகி லாம்ப்கின், ஐல் ஆஃப் மேன் பந்தயச் சாலையின் 60 கிலோமீட்டர் சுற்றை, மலை வளைவுகளோடு சேர்த்து, பின்சக்கரத்திலேயே முடித்தார். அவர் ட்ரையல்ஸ் எனப்படும் தடைதாண்டும் போட்டியில் பலமுறை உலக சாம்பியன். பாறையும் மரக்கட்டையும் குறுக்கே கிடக்கும் அந்தப் போட்டியில் முன்சக்கரத்தைத் தூக்கத் தெரியாதவன் முதல் தடையிலேயே நிற்க வேண்டியதுதான். அங்கே அது அன்றாடத் தேவை. காட்டுப்பாதையில் பள்ளம் தாண்டுபவருக்கும் அப்படியே. கிளட்சை நூலளவு விடவும் பின் பிரேக்கை அளந்து மிதிக்கவும் இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது என்றே சொல்லலாம்.

ஆனால், 'வீலிங் தெரிந்தால் வண்டி கைக்குள் வந்துவிடும்' என்று அடுத்துச் சொல்வார்களே, அது பாதிதான் உண்மை. ஷேர் ஆட்டோ சட்டென்று ஒடித்துத் திரும்பும்போதும், டெயில் லைட் இல்லாத டிராக்டர் இருட்டில் முன்னால் நிற்கும்போதும் உயிரைக் காப்பது முன் பிரேக்கும் ஹேண்டில்பாரும். சக்கரம் அந்தரத்தில் இருக்கையில் இவை இரண்டுக்கும் வேலையே இல்லை. வேகப் பந்தயத்திலோ வீலிங் நஷ்டக் கணக்கு. மூக்கு எழுந்தால் நேரம் போகும் என்பதால், மோட்டோஜிபி அணிகள் அதை அடக்க மின்னணுக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. டுகாட்டி 2015-இல் தன் வண்டிக்குச் சிறகு வைத்ததும் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கத்தான்.

வண்டிக்கு ஆகும் செலவையும் பையன்கள் கணக்கில் வைப்பதில்லை. மெக்கானிக்கிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்: கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், தொப்பென்று இறக்கி இறக்கி ஃபோர்க் ஆயில் சீல், கோன் செட். வெகுநேரம் தூக்கியே ஓட்டினால் பல வண்டிகளில் இன்ஜின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, பம்ப் உறிஞ்ச ஆயில் இல்லாமல் போகும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள சில வண்டிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்து ஏபிஎஸ் குழம்பி, மிதித்த பின் பிரேக்கைத் தளர்த்திவிடலாம். உயிர்நாடியான ஒரே பிரேக் கைவிடுவது அந்த நேரத்தில்தான்.

இத்தனை நுணுக்கமும் நம்மூர்ப் பையனுக்கு எங்கிருந்து கிடைக்கும்? பத்து நொடி வீடியோவிலிருந்து. அதில் எழுவது இருக்கும், விழுவது வெட்டப்பட்டிருக்கும். 'வலிமை' படத்தின் மேக்கிங் வீடியோவில் நடிகர் அஜித் வீலிங் செய்து வண்டியோடு விழுவதைக் காட்டியது அந்த வகையில் அபூர்வம். ஆனால் அதையும் விழுந்து எழுந்த வீரமாகத்தான் நாம் கொண்டாடினோம். படப்பிடிப்புக்கென்று ஒதுக்கிய இடம், பாதுகாப்பு உடை, சுற்றி நின்ற ஆட்கள் இவற்றை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் காஞ்சிபுரம் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று கவிழ்ந்ததாக வழக்கு. ஓட்டியது 260 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹயபுசா பைக். கை முறிந்தது, உயர் நீதிமன்றம் கண்டித்து ஜாமீன் மறுத்தது, ஓட்டுநர் உரிமம் 2033 வரை பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது தண்டனையின் அளவை விட இடத்தை. முன்சக்கரம் எழுந்ததும் ஓட்டுபவர் மூன்றை இழக்கிறார்: திருப்பும் வசதி, முன் பிரேக், எதிரே தெரியும் சாலை. மைதானத்தில் இந்த மூன்றும் போனால் அவர் பாடு. நெடுஞ்சாலையில் போனால் பால் வாங்கிக்கொண்டு எதிரே வருபவர் பாடு.

சட்டம் இந்த வித்தியாசத்தைத் தண்டனையால் மட்டுமே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, அபாயகரமாக ஓட்டினால் முதல் தடவை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இவை போதாது, வீலிங்கைத் தடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்று 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. சாலையைப் பொறுத்தவரை இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கற்க விரும்புகிறவன் எங்கே போவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத் தளங்கள் இருப்பது பந்தயக்காரர்களுக்காக. சாதாரணப் பையன் ஒரு சனிக்கிழமை கட்டணம் கட்டி, ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் போட்டு, சின்ன வண்டியில் பின் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கும் வகுப்பு ஊருக்கு ஊர் வேண்டும்.

அப்படி இடம் கொடுத்துவிட்டால் சாலையில் வீலிங் நின்றுவிடுமா? நிற்காது. புத்தாண்டு இரவில் மெரினா பக்கம் வண்டியைத் தூக்குகிறவனுக்கு வேண்டியது இடமல்ல, வேடிக்கை பார்க்கும் கூட்டம். பூட்டிய மைதானத்தில் அது கிடைக்காது. என்றாலும் வகுப்பு தேவை. வித்தை வேண்டுபவனையும் கைதட்டல் வேண்டுபவனையும் அது பிரித்துக் காட்டிவிடும். முன்னவனுக்கு வாத்தியார் கிடைப்பார். பின்னவனுக்கு, கற்க வேறு இடமில்லை என்ற சாக்கு மிஞ்சாது. அதற்குப் பிறகு 184-ஆவது பிரிவை அவன்மேல் போடுவதில் யாருக்கும் மனக்குறை இருக்கத் தேவையில்லை.