எழுபது விழுக்காடு: எதில் எழுபது?

நாய்களால் பரவும் வெறிநோய்க்கு 2030க்குள் ஒரு மனித உயிரும் பலியாகக் கூடாது என்ற குறிக்கோளுடன், 2021 செப்டம்பர் 28 அன்று நடுவண் அரசு ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. மனித மருத்துவத் துறையும் கால்நடைத் துறையும் இதில் கைகோத்திருப்பது பாராட்டுக்குரியது. ஆண்டுதோறும் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி, தொடர்ந்து மூன்றாண்டுகள்: இதுவே திட்டத்தின் உயிர்நாடி. ஆனால் அந்த 70ஐ அளக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

முதலில், ஏன் 70? அணுக்கருத் தொடர்வினையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு பிளவு சராசரியாக ஒன்றுக்கும் குறைவான அடுத்த பிளவையே உண்டாக்கினால் வினை அணைந்துவிடும். நோய்க்கும் இதே விதிதான். வெறிகொண்ட ஒரு நாய் சராசரியாக ஒன்று முதல் இரண்டு நாய்களுக்கே நோயைத் தருகிறது. இரண்டு என்றே கொண்டாலும், பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் தொடர் அறுந்துவிடும். ஆனால் தெருநாயின் ஆயுள் குறுகியது. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு நாய்கள் இறந்து, ஊசி போடாத குட்டிகள் அவ்விடத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 70 என்பது ஓராண்டில் 47 ஆகத் தேய்ந்துவிடும். ஆகவேதான் ஆண்டுதோறும் ஊசி தேவை.

சரி, எதில் 70? மொத்தம் தெரியாமல் விழுக்காடு ஏது? 2019 கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 1.53 கோடி தெருநாய்கள் என்றது. அக்கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது; குட்டிகளோ ஆண்டுதோறும் பிறக்கின்றன. செய்திகளில் நாம் படிப்பதும் ‘இத்தனை நாய்களுக்கு ஊசி’ என்ற எண்ணிக்கையே, விழுக்காடு அன்று.

இரண்டாவது குறை, எல்லை. 2023 விதிகள் தெருநாய்க் கட்டுப்பாட்டை அந்தந்த உள்ளாட்சியிடம் ஒப்படைக்கின்றன. ராஜபாளையம் நகராட்சி 80 விழுக்காட்டை எட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரும் இடையிலுள்ள ஊராட்சிகளும் 20இல் நின்றால் என்ன ஆகும்? மாவட்டச் சராசரி அழகாக இருக்கலாம். நாய்க்கு எல்லைக்கல் தெரியாது. 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயை வீட்டில் வளர்த்து ஊசி போடுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவில் தொடர் அறுபடாதவரை அபாயம் நீங்காது.

இதற்கு எளிய வழி உண்டு. ஊசி போட்ட நாய்க்கு வண்ணப் பொட்டு இடுக. மறுநாள் காலை தெருத் தெருவாகச் சென்று, தள்ளி நின்று எண்ணுக. பார்த்த பத்தில் ஏழு நாய்களுக்குப் பொட்டு இருந்தால் அத்தெரு தேறியது. மொத்தக் கணக்கே தேவையில்லை! இரு நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஒரே வாரத்தில் இதைச் செய்து, தெருவாரியாக முடிவை வெளியிட வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அண்மை ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறது. நாய் கடித்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை என்றும் கூறுகிறது. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. கடிபட்டால் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள். அது உங்கள் கடமை. 70இன் கணக்கைக் காட்டுவது அரசின் கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை.