அருவிக்கும் கரன்ட் பில் உண்டு!

சாரல் சீசனில் குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? தென்காசியைத் தொடும்போதே குளிர்காற்று வந்து கன்னத்தைத் தடவும். அருவிக்கு ஓடுகிற நம் கையில் ஒரு ஷாம்பு பாக்கெட். எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-லேயே அங்கே தடை போட்டாயிற்று. 'ஓடுற தண்ணிதானே சார், போயிடும்' என்பீர்கள்.

எங்கே போகும்? சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேரும். அதற்கும் கீழே, வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் போகிறது. ஆற்றில் அழுக்கு ஏற ஏற, குடிநீரைச் சுத்தம் செய்யும் படிகாரமும் குளோரினும் ஏறும். மேலே நாம் மிச்சம் பிடிப்பது, கீழே இன்னொருவர் கணக்கில் செலவு.

பி.காம். படித்த புத்தி, கணக்கில்தான் போய் நிற்கிறது. கழிவுநீர் நிலையம் திறந்தால் கல்வெட்டில் கட்டிய செலவைப் பொறிக்கிறோம். மாதாமாதம் வரும் கரன்ட் பில்லை எந்தக் கல்வெட்டிலும் நான் பார்த்ததில்லை. அழுக்கைத் தின்கிற பாக்டீரியாக்கள் மூச்சுவிட, மோட்டார் ராப்பகலாகக் காற்று ஊதவேண்டும். வழக்கமான நிலையங்களில் சுமார் பாதி மின்சாரம் இந்தக் காற்றுக்கே சரி. கையில் காசில்லாத உள்ளாட்சி என்ன செய்யும்? மோட்டாரை நிறுத்தும். கட்டடம் இருக்கும், சுத்திகரிப்பு இருக்காது.

மாற்று வழி இல்லாமலா? சென்னை கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுச் சகதியின் வாயுவை எரித்தே மின்சாரம் எடுத்தார்கள். கருங்குழியில் 2017-ல் வந்த நிலையம், செப்டிக் டேங்க் கழிவை வெயிலில் உலர்த்துகிறது. கொல்கத்தாவின் கிழக்கே வெயிலும் பாசியும் நகரத்துச் சாக்கடையைத் தெளியவைக்க, அதில் மீன் வளர்க்கிறார்கள். 2002-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரமே கிடைத்தது.

குற்றாலத்திலோ மலைச்சரிவு இலவசம். லாட்ஜ் கழிவுநீரைத் தொட்டியில் தெளியவைத்து, செடி வளர்த்த ஜல்லிப் படுகை வழியாக இறக்கினால் பம்ப் செலவு மிச்சம். இடம் நிறைய வேண்டும், வெள்ளம் எட்டக் கூடாது, சீசன் கூட்டத்துக்குத் தகுந்த அளவும் வேண்டும். இதையெல்லாம் டெண்டருக்கு முன்பே யோசிக்க வேண்டும். பத்து வருஷ கரன்ட் செலவையும் சேர்த்து ஒப்பிடாத டெண்டர், பாதிக் கணக்கு.

ஆனால், அருவியில் கரைத்த ஷாம்புவை எந்தப் படுகையும் பிடிக்காது. அதற்கான நிலையம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. பாக்கெட்டைப் பிரிக்காமல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அதைவிட மலிவு ஒன்றுமில்லை!